இலைக்குள் ஓடும் வெளிச்சம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. தேக்காவில் வாங்கி வந்த முளைக்கீரைக் கட்டைப் பிரித்து, மேசைமேல் பழைய நாளிதழை விரித்து, அம்மா ஆய்ந்துகொண்டிருந்தார். உயர்நிலை மூன்றில் படிக்கும் அண்ணன் மகன் எதிரே உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று தலையை நிமிர்த்தினான்.

"அத்தை, செடியெல்லாம் குவாண்டம் கம்ப்யூட்டராமே? ஒளிச்சேர்க்கை அப்படித்தான் நடக்குதாம். நீங்க அதுலதானே பிஎச்டி பண்ணீங்க?"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ என்ன பண்ணான்னு எனக்கே இன்னும் புரியல. உனக்காவது சொல்றாளா பாரு" என்றார்.

சொன்னேன். சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானது. அவனிடம் சொன்னதையும், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிப் பிறகு சொன்ன ஒன்றையும் இந்த வாரம் உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கீரை. இலை பச்சையாக இருப்பதற்குக் காரணம் பச்சையம் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்போம். அது நீலத்தையும் சிவப்பையும் நன்றாக விழுங்கும். பச்சையை அவ்வளவாக விழுங்காது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத ஒன்று உண்டு. இலையில் இருக்கும் பச்சைய மூலக்கூறுகளில் மிகப் பெரும்பாலானவை ஒளிச்சேர்க்கையின் வேதி வேலையைச் செய்வதே இல்லை. அவை வெறும் பிடித்துக் கொடுப்பவை.

இது தெரியவந்தது 1932ல். அமெரிக்காவின் கால்டெக் கழகத்தில் ராபர்ட் எமர்சன், வில்லியம் ஆர்னல்ட் என்ற இருவர், குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பாசிமீது மின்னல் போன்ற குறுகிய ஒளி வெட்டுகளைப் பாய்ச்சி, வெளிவரும் ஆக்சிஜனை அளந்தார்கள். ஒரு வெட்டுக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர, ஏறத்தாழ 2,400 பச்சைய மூலக்கூறுகள் அங்கே இருந்தன. இத்தனை பேருக்கு இவ்வளவு சின்ன வேலையா?

காரணம் எளிது. நல்ல வெயிலிலும் ஒரு தனிப் பச்சைய மூலக்கூறு விநாடிக்குச் சுமார் பத்து ஒளித்துகள்களைத்தான் பிடிக்கும். வேதி வேலை நடக்கும் இடமான வினைமையம் அதைவிடப் பல மடங்கு வேகமாக வேலை செய்யக்கூடியது. அதைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது. எனவே ஒரு வினைமையத்தைச் சுற்றிப் பல நூறு மூலக்கூறுகள் நின்று ஒளியைப் பிடித்துப் பிடித்து உள்ளே அனுப்புகின்றன.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் கட்டிலிருந்து சாம்பார் வாளி கைமாறிக் கைமாறிப் பந்திக்கு வருகிறது. சூடு ஆறுவதற்குள் வந்து சேர வேண்டும். பச்சையத்தில் அந்தச் சூடு ஆறும் நேரம் சில நானோவிநாடிகள், அதாவது ஒரு விநாடியை ஒரு பில்லியன் துண்டாக்கினால் அதில் சில துண்டுகள். அதற்குள் பிடித்த ஆற்றல் வினைமையத்தை அடையாவிட்டால், வெப்பமாகவோ மங்கலான சிவப்பு ஒளியாகவோ வெளியேறி வீணாகிவிடும்.

வெயில் மிதமாக இருக்கும்போது வாளி பெரும்பாலும் கொட்டுவதே இல்லை. பிடித்த ஒளியில் மிகப் பெரும் பங்கு வினைமையத்தை அடைந்துவிடுகிறது. எப்படி என்பதுதான் எங்கள் துறையின் கேள்வி.

ஸ்பினாச் கீரையின் ஒளி பிடிக்கும் புரதத்தின் அணு அமைப்பை 2004ல் சீன விஞ்ஞானிகள் துல்லியமாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு புரதத்துக்குள்ளும் 14 பச்சைய மூலக்கூறுகள்: எட்டு ‘ஏ’ வகை, ஆறு ‘பி’ வகை. அப்படிப்பட்ட மூன்று புரதங்கள் கைகோத்து நிற்கின்றன. ‘பி’ வகை சற்றே மேல்படியில் இருக்கிறது, ‘ஏ’ வகை கீழ்ப்படியில். ஆற்றல் மேலிருந்து கீழே இறங்குகிறது. அண்டை மூலக்கூறுகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் மில்லியனில் ஒரு பங்கு.

ஒரு தாவல் நடக்க ஆகும் நேரத்தை ஃபெம்டோவிநாடிக் கணக்கில் சொல்வோம். ஒரு நானோவிநாடியை மறுபடி ஒரு மில்லியனாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோவிநாடி. ஒளி உங்கள் தலைமுடியின் தடிமனைக் கடந்து போவதற்கே சுமார் 300 ஃபெம்டோவிநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் இலைக்குள் சில கைமாற்றங்கள் முடிந்துவிடும்.

இவ்வளவு வேகமாக நடப்பதை எப்படிப் பார்ப்பது? சாதாரண நிறமாலை போதாது. எந்த நிறத்தை எவ்வளவு விழுங்கியது என்று மட்டும்தான் அது சொல்லும். பெருவிரைவு ரயில் நிலையம் ஒவ்வொன்றிலும் இன்று எத்தனை பேர் ஏறினார்கள் என்ற பட்டியல் மாதிரி. யார் எங்கே போனார்கள் என்று அதில் தெரியாது.

இரு பரிமாண நிறமாலை வேறு வகை. மூன்று லேசர் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, பதிலாக வரும் ஒளியை அளக்கிறார்கள். வரைபடத்தின் ஓர் அச்சில் ஆற்றல் எந்த நிறத்தில் உள்ளே போனது. மற்றதில் எந்த நிறத்தில் வெளியே வந்தது. நாம் பயண அட்டையை ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் தட்டுகிறோம் அல்லவா, அதே கணக்கு. துடிப்புகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், "உட்லண்ட்சில் ஏறியவர் 200 ஃபெம்டோவிநாடி கழித்து டோபி காட்டில் இறங்கினார்" என்பதுபோல் ஒரு புள்ளி வரைபடத்தில் முளைப்பதைப் பார்க்கலாம்.

அண்ணன் மகனுக்கு இந்த இடத்தில்தான் முகம் மலர்ந்தது. "அப்ப குவாண்டம் எங்க வருது?" என்றான்.

2007ல் வருகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கிரஹாம் ஃபிளெமிங் குழு, பச்சைக் கந்தக பாக்டீரியாவின் ஒரு புரதத்தை இந்த முறையில் ஆராய்ந்தது. அதன் பெயர் எஃப்எம்ஓ. ஃபென்னா, மேத்யூஸ், ஓல்சன் என்ற மூவரின் பெயரிலிருந்து வந்த சுருக்கம். பச்சைய வகை மூலக்கூறு அடங்கிய புரதங்களில் முதன்முதலாக, 1975ல், அணு அமைப்பு கண்டறியப்பட்டது இதற்குத்தான். அதற்குள் அன்று தெரிந்தவரை ஏழே மூலக்கூறுகள். கணக்குப் போடுபவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

அந்தப் புரதத்தை பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து அளந்தபோது, வரைபடத்தின் புள்ளிகள் ஏறி இறங்கித் துடித்தன. அந்தத் துடிப்பு 660 ஃபெம்டோவிநாடி வரை நீடித்தது. ஆற்றல் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குப் பந்துபோலத் தாவவில்லை, அலைபோலப் பல மூலக்கூறுகளில் ஒரே நேரத்தில் பரவி வழி தேடுகிறது என்று விளக்கம் சொன்னார்கள். 2010ல் கடல் பாசிப் புரதங்களில், அறை வெப்பத்திலேயே அத்தகைய துடிப்புகள் தெரிந்தன. இலை ஒரு குவாண்டம் கணினி என்று உலகமெங்கும் செய்தி பரவியது. அண்ணன் மகன் பார்த்த காணொளி அந்தக் காலத்துச் செய்தியிலிருந்து பிறந்தது.

நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தது அந்த உற்சாகம் உச்சத்தில் இருந்தபோது. என் வேலை லேசர் அல்ல, கணினி. சிமுலேஷன், அதாவது உள்ளே நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்ப்பது. ஏழு மூலக்கூறுகளின் ஆற்றல் அளவு, அவற்றுக்கிடையே உள்ள 21 இணைப்புகளின் வலிமை, சுற்றியிருக்கும் புரதம் எப்படி அதிர்கிறது என்ற விவரம், இவ்வளவையும் கொடுத்தால் கணினி நிறமாலையை வரைந்து தரும். ஆய்வகத்தில் அளந்ததோடு அதை ஒப்பிட வேண்டும்.

சொல்வது எளிது. இணைப்பு மிக வலிமை குறைந்ததாக இருந்தால் 1940களில் ஃபோர்ஸ்டர் தந்த தாவல் சூத்திரம் போதும். புரதத்தின் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தால் ரெட்ஃபீல்டின் சூத்திரம் போதும். இலையும் பாக்டீரியாவும் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. இரு பாதிப்புகளும் கிட்டத்தட்டச் சம அளவு. அதற்கு 1989ல் ஜப்பானில் தனிமுரா, குபோ இருவரும் தந்த அடுக்குச் சமன்பாடுகள் இருக்கின்றன. புரதம் சற்றுமுன் எப்படி அசைந்தது என்ற நினைவையும் அவை கணக்கில் சேர்க்கும். 2009ல் இஷிசாகியும் ஃபிளெமிங்கும் எஃப்எம்ஓ புரதத்துக்கு அவற்றைப் போட்டுப் பார்த்தார்கள். அறை வெப்பத்திலும் அலை சில நூறு ஃபெம்டோவிநாடி நீடிக்கும் என்று அந்தக் கணக்கு சொன்னது.

அடுக்குச் சமன்பாடு கணினியின் நினைவகத்தைத் தின்றுவிடும். எளிய வடிவத்திலேயே ஏழு மூலக்கூறுக்கு நான்கு அடுக்கு போனால் 330 அணிகள். எட்டு அடுக்கு போனால் 6,435. கீரையின் 14 மூலக்கூறுகளுக்கு அதே எட்டு அடுக்கு என்றால் 3,19,770. ஒவ்வோர் அணியையும் ஒவ்வொரு கண நேரத்துக்கும் புதுப்பிக்க வேண்டும். இரவில் வேலையை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருவேன். விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன் விடை வந்ததா என்று பார்ப்பேன்.

2014ல் ஒரு காலையில் அழகான விடை வந்தது. புள்ளிகள் துடித்தன. அளந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. குழுக் கூட்டத்தில் காட்டினேன், கைதட்டினார்கள். வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குச் சுருக்கம் அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. அம்மா எனக்குக் குளிர் சட்டை வாங்க முஸ்தபாவுக்கு இரண்டு முறை போய் வந்தார்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, சுவரொட்டிக்குக் குறிப்பு எழுத, நிரலின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். அதில் ஒரு வரி: சிதறல் சமம் பூஜ்யம்.

அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஏனென்று சொல்கிறேன். ஆய்வகக் குப்பியில் இருப்பது ஒரே ஒரு புரதம் அல்ல. எண்ணவே முடியாத அளவு பிரதிகள். அம்மா வாங்கிய கீரைக் கட்டில் எந்த இரண்டு இலையும் அச்சு அசல் ஒன்றாக இல்லாததுபோல, அந்தப் பிரதிகளும் ஒன்றுக்கொன்று இம்மி வித்தியாசப்படும். அதனால் ஒவ்வொன்றின் அலையும் சற்றே வேறு வேகத்தில் துடிக்கும். தைப்பூசத்தில் ஆயிரம் பேர் உருமியை ஒரே நொடியில் அடிக்கத் தொடங்கி, ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறு வேகத்தில் போனால் என்ன ஆகும்? முதல் சில அடி தாளமாகக் கேட்கும். பிறகு இரைச்சல்தான். சோதனைக்காக அந்தச் சிதறலைப் பூஜ்யமாக வைத்து ஓட்டியவள், திரும்பப் போட மறந்திருந்தேன். என் கணினியில் இருந்தது ஒரே ஓர் உருமிக்காரர்.

சிதறலைச் சேர்த்து, ஆயிரம் பிரதிகளுக்குக் கணக்கை ஓட்டிச் சராசரி எடுத்தேன். துடிப்பு முதல் 150 ஃபெம்டோவிநாடிக்குள் அடங்கிப்போனது.

அண்ணன் மகனிடம் சொல்லத் தயங்கியது இதைத்தான். அந்தப் புதிய விடையை நான் நம்பவில்லை. எங்கோ பிழை இருக்கிறது என்று இரண்டு நாள், இரண்டு இரவு தேடினேன். வரி வரியாகப் பார்த்தேன். கால அளவைப் பாதியாக்கினேன். அடுக்கைக் கூட்டினேன். அடங்கியது அடங்கியதுதான். தேடித் தேடிக் களைத்தபோதுதான் உறைத்தது. தவறான விடை வந்த அன்று நான் ஐந்து நிமிடம்கூட எதையும் சரிபார்க்கவில்லை. சரியான விடை வந்ததும் இரண்டு நாளாகக் குற்றம் தேடுகிறேன். ஒன்று எனக்குப் பிடித்த விடை, மற்றது பிடிக்காத விடை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இரண்டு நாளும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. போய்ப் படத்தை ஒட்டிவிட்டு வந்துவிடலாமா என்றும் நினைத்தேன். யார் வந்து என் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்? மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நெடுநேரம் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, "மாநாட்டுக்கு நீங்களே எழுதி விலக்கிக்கொள்ளுங்கள்" என்றார். எழுதினேன். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுத ஒரு பருவம் கூடுதலாக ஆனது. அம்மா வாங்கிய குளிர் சட்டை இன்றும் அலமாரியில், விலைச் சீட்டோடு.

நான் ஒருத்தி தடுமாறியது சின்ன விஷயம். துறையே மெல்ல மெல்ல அதே திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. அளந்த துடிப்பு பொய்யல்ல. அது எதனுடைய துடிப்பு என்பதுதான் கேள்வி. 2013ல் கொலராடோவின் டேவிட் ஜோனாஸ் குழு, பச்சைய மூலக்கூறுகளின் சொந்த அதிர்வே அந்தத் துடிப்பைத் தரலாம் என்று காட்டியது. அந்த அதிர்வு எல்லாப் பிரதிகளிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இருக்கும். ஒரே வாத்தியாரிடம் தாளம் கற்ற ஆயிரம் உருமிக்காரர்கள் மாதிரி. அதனால் சராசரியில் அழிவதில்லை. 2017ல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் எஃப்எம்ஓ புரதத்தை அறை வெப்பத்தில் மறுபடி அளந்து, மின்னணு அலை 60 ஃபெம்டோவிநாடிக்குள் அடங்கிவிடுகிறது என்று வெளியிட்டார்கள். ஆற்றல் போய்ச் சேர அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. வழி தேட அலையை நம்பியிருந்தால் பாதி வழியிலேயே அது கைவிட்டிருக்கும்.

2020ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இந்தக் கதை முழுவதையும் மறுபரிசீலனை செய்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். அதில் ஒருவர் நம் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹாவ்-சியாங் டான். கீரையில் இருக்கும் அந்த 14 மூலக்கூறுப் புரதத்தில் ஆற்றல் படிப்படியாக இறங்குவதை, இரு பரிமாணத்துக்கும் ஒரு படி மேலே போய் முப்பரிமாண நிறமாலையில், 2015ல் காட்டியதும் அவருடைய குழுதான். ஜூரோங் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

"அப்ப அந்த வீடியோ பொய்யா அத்தை?"

"பொய் இல்லடா. பழசு."

குவாண்டம் இல்லாமல் இலை இல்லை. பச்சையம் எந்த நிறத்தை விழுங்கும், ஆற்றல் பக்கத்து மூலக்கூறோடு எப்படிப் பகிர்ந்து நிற்கும், எல்லாமே குவாண்டம் விதிதான். ஆனால் நெடுநேரம் நீடிக்கும் மாய அலை எதுவும் செடிக்குத் தேவைப்படவில்லை. மூலக்கூறுகளைச் சரியான தூரத்தில், சரியான சாய்வில், படிக்கட்டுபோல நிறுத்தி வைத்திருக்கிறது புரதம். அது ஆடுவதும் தொல்லை அல்ல. மேல்படியிலிருந்து இறங்கும் ஆற்றலின் மிச்சத்தைப் புரதத்தின் ஆட்டம் வெப்பமாக வாங்கிக்கொள்கிறது; அதனால் ஆற்றல் திரும்ப மேலே ஏறுவது கடினம். பந்தியில் வாளியைப் பின்னால் திருப்ப முடியாமல் பின்னே நிற்பவர் தோளில் கைவைத்துத் தள்ளுவது மாதிரி.

இதையெல்லாம் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. சுட்டெரிக்கும் வெயிலில் செடி தேவைக்கு மேல் ஒளியைப் பிடித்துவிடும். இதே புரதங்கள் உபரியை வெப்பமாகக் கொட்டித் தங்களைக் காத்துக்கொள்ளும். மேகம் மறைத்த பிறகும் சில நிமிடம் கொட்டிக்கொண்டே இருக்கும், அது நட்டம். மரபணு மாற்றி அந்தத் தாமதத்தைக் குறைத்தபோது, வயலில் வளர்த்த புகையிலைச் செடிகள் சுமார் 15 விழுக்காடு கூடுதலாக வளர்ந்தன என்று 2016ல் அமெரிக்காவில் காட்டினார்கள். உணவுப் பயிர்களுக்கும் அதைக் கொண்டுவர முயற்சி நடக்கிறது.

நான் இப்போது ஒரு வங்கியில் இடர் கணக்குப் போடுகிறேன். பச்சையத்துக்குப் பதில் கடன். மற்றபடி அதே அணிகள், அதே சராசரி. குழுவில் புதிதாகச் சேரும் இளையர்கள் அழகான வரைபடத்தோடு வரும்போது நான் முதலில் கேட்பது, "இது உங்களுக்குப் பிடித்த விடையா?" என்றுதான். ஆமாம் என்றால் உட்கார வைத்து அமைப்புக் கோப்பைத் திறக்கச் சொல்வேன். சிலருக்கு என்மேல் கோபம். பரவாயில்லை.

அண்ணன் மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நீங்க சொல்லாம விட்டிருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டான்.

"அன்னிக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்பறம் ஏன் சொன்னீங்க?"

நான் பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா ஆய்ந்த கீரையை வாரிக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவளால அந்த ரெண்டு நாள் சோறு திங்க முடியல. நான்தான் பாத்தேனே. என்னன்னு கேட்டா சொல்லவே இல்ல. இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது" என்றார். பிறகு அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "அந்தக் குளிர் சட்டைய இவனுக்குக் குடு. டிசம்பர்ல ஸ்கூல்ல கொரியாவுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்."